சாமி அலமாரியில் பாதித் துவக்கு

பயப்பிடாதேங்கோ தம்பி, இருங்கோ. இந்த நீட்டுப் பைக்குள்ள இருக்கிறது துவக்குத்தான். நீங்கள் இந்தியாப் பக்கம் துப்பாக்கி எண்டு சொல்லுவியள், எங்களுக்கு அது துவக்கு. பொலிசின்ர அனுமதி எல்லாம் இருக்கு, பஸ்காரனுக்கும் சொல்லிப்போட்டுத்தான் ஏறினனான். அதோட இது இப்ப சுடாது. சுடுற சாமான் தனியக் கட்டி என்ர தோள்பைக்குள்ள இருக்கு. ஆறுதலா இருங்கோ. மலையடிவாரத்துக்கு இன்னும் கன தூரம் கிடக்கு. இந்த நாட்டில பஸ்ஸுக்குள்ள ஒருத்தரோட ஒருத்தர் கதைக்க மாட்டினம். தமிழ் முகத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இராது.

படிக்க வந்தனீங்களோ? நோர்வே பிடிச்சிருக்கோ? குளிர் பழகும், சாப்பாடுதான் பழகாது. என்ர பேர் சிவகடாட்சம். இவங்களுக்கு வாய்க்குள்ள நுழையாது, சிவா எண்டுதான் கூப்பிடுவினம். வந்த புதுசில வடக்கில மீன் பக்டரியில நிண்டனான், இருபது வருசம் மீன் வெட்டினனான். அதை விடுங்கோ, அது பெரிய கதையில்லை. துவக்கின்ர கதைதான் கதை.

எல்லாம் என்ர மகள் ஆரணியின்ர கலியாணத்தால வந்தது. மாப்பிள்ளை நோர்வேக்காரப் பெடியன், ஐவிந் எண்டு பேர். நல்ல பெடியன், சோத்தைக் குழைச்சுக் கையால சாப்பிடுவான். தகப்பன் ஹால்வார், அதுதான் என்ர சம்மந்தி. ஆள் ஆறடிக்கு மேல. ஒரு நாளைக்குப் பத்து வசனம் கதைச்சால் அவருக்கு அது திருவிழா. நிச்சயதார்த்தம் எங்கட வீட்டில நடந்தது. கனடாவில இருந்து என்ர தங்கச்சியின்ர புருசன் தயாபரன் வந்து நிண்டவன். சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க ஹால்வார் சொன்னார், தங்கட வீட்டில மகன்மாரின்ர கலியாண விருந்துக்குத் தான் மலையில சுட்ட பனிமான் இறைச்சிதான் வைக்கிறதாம். விருப்பமெண்டால் நீங்களும் என்னோட மலைக்கு வாங்கோவன் எண்டார். மனுசன் நடக்கத்தான் கூப்பிட்டது. அது எனக்கு விளங்கினதுதான்.

ஆனால் பக்கத்தில தயாபரன் இருக்கிறான் எல்லே. கனடாவில தனக்கு ரெண்டு கடை எண்டு காலமையில இருந்து புளுகிக்கொண்டிருக்கிறான். நான் எழும்பி நிண்டு சொன்னன், மாப்பிள்ளை வீட்டு மானை நீங்கள் சுடுங்கோ, பொம்பிளை வீட்டு மானை நான் சுடுவன் எண்டு. தமிழிலயும் சொன்னன், அவையின்ர பாசையிலயும் சொன்னன். எல்லாரும் கை தட்டிச்சினம். ஹால்வார் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பாத்துப்போட்டு, நல்லது எண்டார். என்ர மனுசி பவளராணி குசினி வாசல்ல நிண்டவ, உள்ள போயிட்டா.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தயாபரன் போன் எடுப்பான். மச்சான், மான் விழுந்திட்டுதோ எண்டு கேப்பான். கேட்டுப்போட்டுச் சிரிப்பான். இனிப் பின்வாங்கேலுமோ சொல்லுங்கோ. கலியாணத்தண்டு காலமை கோயில்ல எங்கட சைவச் சாப்பாடு, பின்னேரம் அவையின்ர மண்டபத்தில மான். அந்த மேசையில பொம்பிளை வீட்டு மான் இல்லையெண்டால் கனடா லண்டன் எல்லாம் ஒரு வருசத்துக்கு என்னை வைச்சுத்தான் பகிடி விட்டிருக்கும். என்ர பிள்ளையின்ர கலியாணத்தில நான் தலையைக் குனிஞ்சு நிக்கேலாது.

சரி, வேட்டைக்காரப் படிப்பு ஒண்டு இருக்கு, அதைப் படிச்சன், சோதனையும் பாஸ். பேந்துதான் துவக்குத் தெரிவு. தம்பி, இதைக் கவனமாக் கேளுங்கோ, எப்பவாவது உதவும்.

மலையில தூரத்துக்குச் சுடுற துவக்கெண்டால் ஒரே வில்லங்கம்தான். பாரமான துவக்கு ஆடாது, குறி தப்பாது, ஆனால் அதைத் தோளில போட்டுக்கொண்டு அஞ்சு மணித்தியாலம் கல்லுக்குள்ள ஏறிப் பாருங்கோ, மானைக் காண முதல் நாங்கள் விழுந்திடுவம். லேசான துவக்கு ஏறச் சுகம், ஆனால் வெடிக்கேக்க தோளை உதைக்கும், மூச்சு விட்டாலே ஆடும். குழல் நீளமெண்டால் ரவை வேகமாப் போகும், கட்டையெண்டால் கொண்டு திரியச் சுகம். மரப்பிடி வடிவுதான், நானும் மரத்துக்குத்தான் ஆசைப்பட்டனான். ஆனால் மலை ஈரத்துக்கு மரம் ஊதும், வளையும், குறி தள்ளிப்போகும். அதால பிளாஸ்ரிக் பிடி. ரவை எண்டால் ஹால்வார் பழைய பெரிய சைஸ் பாவிக்கிறவர். நான் ஆறரை மில்லிமீற்றர் எடுத்தன். உதை குறைவு, தூரம் கூட, காத்துக்கு அவ்வளவாத் தள்ளாது. மேல பூட்டிற ரெலஸ்கோப் இருக்கே, அதுக்கு மட்டும் நான் ஒரு பனிக்காலம் முழுக்க மினக்கெட்டனான்.

எங்கட பட்டணத்தில துவக்குக் கடை ஒண்டுதான். கடைக்காரன் மோர்த்தன், பெரிய தாடி, பொறுமைசாலி. சனிக்கிழமை சனிக்கிழமை போய் நிப்பன். ரெண்டு கையிலயும் ரெண்டு துவக்கை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் பாரம் எண்டு சொல்லுவன். தராசில போட்டுப் பாப்பான், சரியா இருக்கும். பக்டரியில பெட்டிக்கு மீன் நிறுத்துப் போட்ட கை இது. பத்துக் கிராம் கூடக்குறைய எண்டாலும் என்ர கை சொல்லிப்போடும். மோர்த்தன் வாற ஆக்களுக்கெல்லாம் என்னைக் காட்டி, இவரிட்டைக் குடுத்தால் தராசு தேவையில்லை எண்டு சொல்லுவான். பெருமைக்குச் சொல்லேல்லை, உண்மை.

முதல் வருசத்து வேட்டைக்காலம் வந்திட்டுது, நான் இன்னும் ரெண்டு துவக்குக்கு நடுவில நிக்கிறன். ஹால்வார் தன்ரை ஒண்டைத் தாறன், வாங்கோ எண்டார். இரவல் துவக்கால பொம்பிளை வீட்டு மானைச் சுடுறதோ? நான் போகேல்லை. பவளம் அண்டைக்குப் பாயாசம் வைச்சா. ஏனெண்டு தெரியேல்லை, விசேசம் ஒண்டும் இல்லை.

கலியாணம் அடுத்த ஒக்ரோபர். அப்ப எனக்கு மிச்சம் இருந்தது ஒரேயொரு வேட்டைக்காலம்.

கடைசியில எடுத்திட்டன். போல்ட் துவக்கு. போல்ட் எண்டால் விளங்குதோ? துவக்கின்ர முதுகில, ஒரு சாண் நீளத்துக்கு, பிடி வைச்ச இரும்புத் தண்டு ஒண்டு இருக்கும். அதைப் பின்னால இழுத்து முன்னால தள்ளினால்தான் ரவை குழலுக்குள்ள போகும். அதுக்குள்ள இருக்கிற ஊசி குத்தினால்தான் வெடிக்கும். அந்தத் தண்டைக் கழட்டி எடுத்தியளெண்டால் மிச்சம் வெறும் குழாய், தண்ணிக்குழாய் மாதிரி. வெடிச் சத்தம் குறைக்கிற குழல் ஒண்டும் சேத்து வாங்கினன். அது பவளத்துக்காக. சத்தம் அவவுக்கு ஆகாது.

ஊரில சண்டை நேரம் பவளத்தின்ர வீடு இருந்த பக்கம் அப்பிடி. அவவின்ர தம்பி ஒருத்தன், பள்ளிக்கூடம் விட்டு வரேக்க... அது வேற கதை, விடுங்கோ. மழையில பஸ் வழுக்குது, பாத்தியளோ? இவன் நல்லா ஓடுறான்.

துவக்கு வந்த அண்டையோட அவ, அதைப் பூட்டுற இரும்புப் பெட்டி வைச்ச அறைக்குள்ள போறதை விட்டிட்டா. அந்த அறையைக் கூட்டுறதும் இல்லை. ஒரு கிழமை கழிச்சுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க கேட்டா.

"சுட்டுத்தான் ஆகவேணுமோ?"

எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. இவ்வளவு நாளைக்குப் பிறகு மனுசி ஆர்வமாக் கேக்கிறா எண்டு, ஆறரை மில்லிமீற்றரைப் பற்றி அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். காத்து எப்பிடித் தள்ளும், தூரத்துக்கு எவ்வளவு மேல பிடிக்க வேணும், எல்லாம் சொன்னன். முழுக்கக் கேட்டா. கோப்பை கழுவிப்போட்டு வந்து ஒரு நிபந்தனை சொன்னா.

"துவக்கு முழுசா என்ர வீட்டில இருக்கக்கூடாது. பாதி உங்கட பெட்டியில இருக்கட்டும். பாதி சாமியிட்ட இருக்கட்டும்."

நானும் யோசிச்சுப் பாத்தன். போல்ட்டைத் தனியப் பூட்டி வைக்கிறது பாதுகாப்புக்கும் நல்லதுதான். சாமி அலமாரிக்கும் பூட்டு இருக்கு. எனக்கு அப்ப விளங்கினது, பவளத்துக்கு என்ர துவக்கில பக்தி வந்திட்டுது எண்டு. அண்டையில இருந்து போல்ட் பிள்ளையார் படத்துக்குப் பின்னால. பயிற்சிக்குப் போறதெண்டால் அவவிட்டைக் கேப்பன். குளிச்சுப்போட்டு வந்து எடுத்துத் தருவா. திரும்பி வந்ததும் வாங்கித் துடைச்சு வைச்சிடுவா. பயிற்சியிடத்தில மான் மாதிரிக் கீறின கடுதாசிதான் இருக்கும், அதைத்தான் சுட வேணும். வருசா வருசம் அதுக்கும் ஒரு சோதனை. நான் பாஸ். கடுதாசி மானைக் கண்ணை மூடிக்கொண்டு சுடுவன். ஹால்வாரே வந்து பாத்துத் தலையாட்டினவர்.

அந்த அலமாரிக்குள்ள இன்னொரு சாமானும் கிடந்தது. என்ர பழைய மீன் வெட்டுற கத்தி. தீட்டித் தீட்டி அரைவாசி தேஞ்சுபோன கத்தி. அதை எறியச் சொல்லி எத்தினை தரம் சொல்லியிருப்பன். வீட்டுக்கு ஆக்கள் வந்தால், உது என்ன எண்டு கேட்டால், என்ன சொல்லுறது? இவ எறியமாட்டா. எங்களுக்குச் சோறு போட்டது, ஆரணியைப் படிப்பிச்சது எண்டு ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் சந்தனம் வைச்சுக் கும்பிடுவா. சந்தனம் வைக்கிறதெண்டால் நல்லதா ஒரு சாமானுக்கு வைக்கலாம்தானே. நானும் விட்டிட்டன்.

இப்ப வேட்டைக்கு வருவம். பனிமான் சுடுற காலம் செப்ரெம்பரோட முடியும். அந்த முறை எனக்கு முதுகுப் பிடிப்பு, ரெண்டு கிழமை எழும்பேலாது. முதுகு சரிவரேக்க நவராத்திரி தொடங்கிட்டுது. பவளம் முதல் நாளே போல்ட்டைக் கொலுவில வைச்சிட்டா. பூசையில வைச்ச ஆயுதத்தை விசயதசமிக்குத்தான் எடுக்கலாம், அதுக்கு முதல் தொடக்கூடாது எண்டிட்டா. எங்கட ஊரில ஒன்பதாம் நாள்தான் ஆயுதம் வைக்கிறவை. இவ முதல் நாளே வைச்சிட்டா, பக்தி கூடின மனுசி. கலண்டரைப் பாத்தால் விசயதசமியும் வேட்டை முடியிற கடைசி நாளும் ஒரே நாள். நான் ஹால்வாருக்குப் போன் எடுத்துச் சொன்னன், நல்ல நாளிலதான் போறம், வெற்றி நிச்சயம் எண்டு. அவர், உங்கட மனுசி என்ன சொல்லுறா எண்டு கேட்டார். அவதான் நாளே குறிச்சவ எண்டன். அப்ப சரி எண்டார்.

விடியக் காத்தாலை வாசல்ல ஹால்வாரின்ர கார் ஹோர்ன் அடிக்குது. நான் ஒரு கையில தேத்தண்ணிப் போத்தல், மற்றக் கையில துவக்குப் பை, தோளில மூட்டை. பவளம் குளிச்சு, திருநீறு பூசி, மஞ்சள் துணியில கட்டின பொட்டலத்தைக் கொண்டுவந்து என்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ள தன்ர கையாலேயே வைச்சா. பூசையில வைச்ச கட்டு, பாவிக்கிற இடத்தில போய்த்தான் அவிழ்க்க வேணும், வழியில அவிழ்த்தால் பலன் இல்லை எண்டா. அப்பிடி ஒரு வழக்கம் நான் கேள்விப்படேல்லை. அவவின்ர ஊர்ப் பக்கம் இருக்கும் போல.

தம்பி, அந்த மலையை நீங்கள் பாக்க வேணும். மரம் ஒண்டும் கிடையாது, கல்லும் பாசியும்தான். ஹால்வார் முன்னால, நான் பின்னால. மத்தியானத்துக்குப் பிறகுதான் கூட்டத்தைக் கண்டம். கல்லோட கல்லாப் படுத்துக் கிடந்து ஊர்ந்து போனம். இருநூறு மீற்றர் இருக்கும். பெரிய ஆண் மான் ஒண்டு, கொம்பு என்ர கையை விரிச்ச அகலம், பக்கவாட்டில நிக்குது. காத்து எங்கட பக்கம் வருது, அதுக்கு எங்கட மணம் போகாது. ஹால்வார் மெல்லச் சொன்னார், சிவா, இது உங்கட மான் எண்டு.

தயாபரன், இப்ப நீ எங்க நிக்கிறாய் பாப்பம் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு துவக்கைப் பையால எடுத்தன். பொக்கற்றுக்குள்ள கை வைச்சுப் பொட்டலத்தை எடுத்து, பல்லால முடிச்சை இழுத்து அவிழ்த்தன்.

கத்தி.

என்ர பழைய மீன் கத்தி. பிடியில சந்தனமும் குங்குமமும்.

ஹால்வார் கத்தியைப் பாத்தார், என்னைப் பாத்தார், திரும்பக் கத்தியைப் பாத்தார். ஆள் சிரிக்கேல்லை. அந்தக் கரகரத்த குரல்ல மெதுவாக் கேட்டார், "சிவா, இது எத்தினை மில்லிமீற்றர்?"

நல்ல மனுசன். கேட்டுப்போட்டு உடனே தன்ர துவக்கை என்னட்ட நீட்டினார். சுடுங்கோ எண்டார். நான் வாங்கிக் கன்னத்தில வைச்சும் பாத்தன். ரெலஸ்கோப்புக்குள்ள அந்த மான் தலையைத் தூக்கி இஞ்சால பாக்குது, மூக்கால புகை போகுது. நான் திருப்பிக் குடுத்திட்டன். பிடி நீளம், என்ர கன்னத்துக்கு அது பொருந்தேல்லை. ஒருத்தருக்கு அளவா எடுத்த துவக்கில மற்றவர் சுட்டால் சரிவராது தம்பி. அதாலதான் குடுத்தன். ஹால்வார் என்னை வற்புறுத்தேல்லை. தான் சுட்டார். ஒரே வெடி, மான் விழுந்திட்டுது, கூட்டம் மலைக்கு அங்கால போய் மறைஞ்சிட்டுது. பயிற்சியிடத்தில எத்தினை வெடி கேட்டிருப்பன், ஒண்டும் செய்யிறதில்லை. மலையில எனக்கு ரெண்டு கையும் நடுங்கத் தொடங்கி நிக்கவே இல்லை. சரியான குளிர்.

கல்லில குந்தினன். மாப்பிள்ளை வீட்டு மான் விழுந்திட்டுது, பொம்பிளை வீட்டு மான் ஓடிப்போச்சு, வேட்டைக்காலமும் முடிஞ்சுது. அழுகை வரப் பாத்தது தம்பி, ஒளிக்காமல் சொல்லுறன். ஆரணி என்னட்ட ஒண்டும் கேக்கப்போறதில்லை, அதுதான் எனக்குக் கூடக் கவலை.

அங்கால ஹால்வார் மானை வெட்டத் தொடங்கிட்டார். பெரிய சூட்டுக்காரன்தான், ஆனால் அவர் கத்தி பிடிக்கிற பிடியைப் பாத்தியளெண்டால், கோதாரி. தோலோட அரைவாசி இறைச்சி போகுது. மூட்டுக்குள்ள கத்தியை விட்டுக் குடையிறார், முதுகு நோகுது, பெருமூச்சு விடுறார். என்னால பாத்துக்கொண்டு இருக்கேலாமல் போச்சு. எழும்பிப் போய், தள்ளுங்கோ எண்டு சொல்லிப்போட்டு என்ர கத்தியைப் பிடிச்சன். மீன் என்ன மான் என்ன, எலும்பு எங்க முடியுது எண்டு கைக்குத் தெரிஞ்சால் சரிதானே. தோல் சட்டை கழட்டின மாதிரி வந்திட்டுது. முதுகிறைச்சி ரெண்டு பக்கமும் ஒரு கீறல் இல்லாமல். தொடையை மூட்டில கழட்டி, கொழுப்புச் சவ்வு எடுத்து, துணியில சுத்தி அடுக்கினன். பாக்கேக்க கை நடுங்கேல்லை, வேலை செய்தால் உடம்பு சூடாகும் எல்லே. ஹால்வார் கல்லில குந்திக் கோப்பி குடிச்சுக்கொண்டு முழு நேரமும் என்ர கையையே பாத்துக்கொண்டு இருந்தார். முடிஞ்ச பிறகு ஒரு வசனம் சொன்னார்.

"சுட எனக்கு ஆள் தேவையில்லை, சிவா. இதுக்குத்தான் இவ்வளவு வருசமா ஆள் இல்லாமல் இருந்தது."

மரியாதைக்குச் சொன்னது. என்ர மனம் நோகக்கூடாது எண்டு.

வீட்டை வந்தால் பவளம் வாசல்லயே நிக்கிறா. சப்பாத்துக் கழட்ட விடேல்லை, "சுட்டனீங்களோ?" எண்டு கேட்டா.

எனக்கு வந்த கோவத்துக்கு, "எங்க சுடுறது? இஞ்சாரும், நீர் கட்டித் தந்தது போல்ட் இல்லை, கத்தி" எண்டன்.

அப்பிடியே படியில இருந்திட்டா. முகத்தைச் சீலைத் தலைப்பால மூடிக்கொண்டு அழத் தொடங்கிட்டா. இவ்வளவு பெரிய பிழை விட்டிட்டன் எண்டு மனுசிக்குத் தாங்கேல்லை. எனக்குக் கோவம் எல்லாம் போட்டுது. பக்கத்தில இருந்து, பரவாயில்லை, ரெண்டு பொட்டலமும் ஒரே மஞ்சள் துணிதானே, ஆருக்கும் மாறுபடும் எண்டு தேற்றினன். என்ர கையைப் பிடிச்சுத் தன்ர கண்ணில ஒத்திக்கொண்டா, ரெத்தம் காஞ்ச கையெண்டும் பாக்கேல்லை. பேந்து எழும்பிச் சுடுதண்ணி வைச்சா. அண்டைக்குப் பிறகுதான் துவக்கு அறையைக் கூட்டத் தொடங்கினவ.

கலியாணம் திறமா நடந்தது. பின்னேர விருந்தில ஹால்வார் எழும்பிப் பேசினார். பேசமாட்டாத மனுசன் எழும்பினவுடன எல்லாரும் கரண்டியைக் கீழ வைச்சிட்டினம். இந்த மானை நான் சுட்டனான், ஆனால் மேசைக்குக் கொண்டு வந்தது சிவா, பாதி மாப்பிள்ளை வீட்டு மான், பாதி பொம்பிளை வீட்டு மான் எண்டு சொல்லிக் கிளாசைத் தூக்கினார். ஆரணி எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சாள். பேந்து அவையின்ர கிழவன்மார் ஒவ்வொருத்தரா வந்து என்ர கத்தியைப் பற்றிக் கேக்கினம், எந்தக் கல்லில தீட்டுறது, என்ன இரும்பு எண்டு. துவக்கைப் பற்றி ஒருத்தன் கேக்கேல்லை தம்பி. ஒரு வருசத்துக்கு மேல தெரிஞ்செடுத்த துவக்கு, ஒருத்தன் கேக்கேல்லை. அதுதான் எனக்கு இண்டைக்கும் மனத்தாங்கல். தயாபரன் மட்டும், மச்சான், எத்தினை மீற்றர் எண்டு வாயைத் திறந்தவன். பவளம் அவன்ர சாப்பாட்டுக் கோப்பையில ரெண்டு துண்டு இறைச்சியைப் போட்டு, சாப்பிடுங்கோ அண்ணை, ஆறிப்போகும் எண்டா.

அதால இந்த முறை விடுறதில்லை எண்டு வெளிக்கிட்டிருக்கிறன். கலியாணக் கடமை ஒண்டும் இல்லை, எண்டாலும் துவக்குக்கு ஒரு நியாயம் வேணும் எல்லே. இந்த வருசம் நவராத்திரி பிந்தித்தான் வருது. ஆனாலும் பவளம் எனக்காக ஒரு தனிப் பூசை போட்டவ. போல்ட்டுக்குச் சிவப்புத் துணி, கத்திக்கு மஞ்சள் துணி, இனி மாறாது எண்டு நானே துணி வாங்கிக் குடுத்தனான். அவ உப்பையும் சீனியையும் கூட ஒரு நாளும் மாத்திப் போடாத மனுசி. பயிற்சிக்குப் போகேக்க ஒரு தரமும் பிசகினதில்லை, இந்த வருசமும் கடுதாசி மானுக்கு எல்லாம் சரியாத்தான் எடுத்துத் தந்தவ. அண்டைக்கு ஒருக்காத்தான், பாவம்.

இஞ்ச, இதுதான். சிவப்புத் துணி, பாத்தியளோ? பிடியுங்கோ, பிடிச்சுப் பாருங்கோ. ஒரு இறாத்தல், அரைக் கிலோ கிட்ட வரும், நல்ல உருக்கு.

லேசா இருக்கோ? தாங்கோ பாப்பம்.

ம்... லேசாத்தான் இருக்கு. காலமை வாங்கேக்க எனக்கும் அப்பிடித்தான் பட்டது. குளிருக்கு இரும்பு கொஞ்சம் பாரம் குறையும் போல. நீங்கள் படிச்ச பிள்ளை, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அவிழ்க்கிறதோ? சீச்சீ, இஞ்ச வேண்டாம். அங்க போய்த்தான் அவிழ்க்க வேணும், அவ சொன்னவ.

இந்தா, இறங்கிற இடம் வந்திட்டுது. அந்த நெட்டை மனுசனைத் தெரியுதோ, கார் பக்கத்தில, தொப்பியோட? அதுதான் சம்மந்தி. நேற்று போன் எடுத்தவர், இந்த முறை தான் கத்தி கொண்டு வரேல்லையாம். ஏனெண்டு கேட்டன், மறந்து போச்சாம். வெளிக்கிட முதலே எப்பிடி மறக்கிறது, சொல்லுங்கோ? வயசு போகுது மனுசனுக்கு. அந்தப் பையை ஒருக்காத் தூக்கி விடுங்கோ தம்பி.